மதிப்பெண் குறைந்தால் படிப்பும் குறைந்துவிட்டதா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், பிசிக்ஸில் 80 வாங்கியவள். இப்போது டர்பனில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அதே பாடத்தில் 58தான் வருகிறது. பிள்ளை உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அந்த 80-ஐயும் 58-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள் அம்மா. இரண்டும் வேறு வேறு தேர்வு. நம் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 50 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தாலே டிஸ்டிங்ஷன், அதனால் 58 பயப்படவேண்டிய எண் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அதுவும் பதில் ஆகாது. இன்று அவள் எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் அது சொல்லும், எங்கிருந்து கிளம்பினாள் என்பதைச் சொல்லாது.

வளர்ச்சியை அளக்க, பாடம் தொடங்கும்போது ஒரு தேர்வும் முடியும்போது அதே தேர்வும் வேண்டும். முதல் நாள் 40 எடுத்த மாணவி இன்னும் 60 கூட்ட முடியும், கடைசியில் 70 எடுத்தால் அதில் பாதியை எட்டிவிட்டாள். 80-இல் தொடங்கி 85-இல் முடித்தவள் கூட்டக்கூடிய 20-இல் கால்வாசிதான் எட்டினாள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் என்பவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிசிக்ஸ் மாணவர்களை இப்படித்தான் கணக்கிட்டு 1998-இல் வெளியிட்டார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், கூட்டக்கூடியதில் எட்டியது சராசரியாக நூற்றுக்கு 23 பங்கு, கேள்வி கேட்டு விவாதித்துப் படித்த வகுப்புகள் எட்டியது 48. ஆக, பிள்ளை எவ்வளவு கற்கிறாள் என்பதில் சொல்லிக்கொடுக்கும் முறைக்கும் பெரிய பங்கு இருக்கிறது, எல்லாவற்றையும் அவள் தலையில் போடாதீர்கள்!

நம் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் படிப்புக்குத் தயாராக இருக்கிறார்களா என்று பார்க்கும் என்பிடி (NBT) தேர்வு எழுதுகிறார்கள், ஆனால் பட்டம் வாங்கும் நேரத்தில் யாரும் அதைத் திரும்ப எழுதச் சொல்வதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலாண்டில் அவள் எழுதிய ஒரு லேப் ரிப்போர்ட்டையும் இப்போது எழுதியதையும் எடுத்துவைத்து, எது மாறியிருக்கிறது என்று அவளையே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள், உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பழைய தவறுகளை அவளே காட்டி, ஏன் தவறு என்று சொல்ல முடிந்தால் கற்றிருக்கிறாள். திணறினால் திட்டவேண்டாம், டியூட்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த செமஸ்டர் முடிவதற்குள்ளேயே.