யோசியா ராஜாவின் சீர்திருத்தத்திலிருந்து இன்றைய திருச்சபை என்ன கற்றுக்கொள்ளலாம்?

இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலும் 2 இராஜாக்கள் 22, 23 அதிகாரங்களை விளக்கிவிட்டு முடித்துக்கொள்வார்கள். 8 வயதில் யூதா நாட்டின் ராஜாவானவர் யோசியா. அவருடைய 18-ஆம் வருஷத்தில், கி.மு. 622 வாக்கில், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்தார். சம்பிரதியாகிய, அதாவது ராஜாவின் எழுத்தராகிய, சாப்பான் அதை வாசிக்க, ராஜா தம் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். மலைகளில் இருந்த வழிபாட்டு மேடைகள் இடிந்தன, பாகால் என்ற தெய்வத்தின் பணிமுட்டுகள் எரிந்தன. எழுப்புதல் கூட்டப் பிரசங்கம் இங்கேயே முடிந்துவிடும். அதற்கு அடுத்த இருபது வருஷத்தில் நடந்ததைத்தான் நாம் படிக்க வேண்டும் என்பது என் பதில்.

கி.மு. 609-இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் யோசியா இறந்தார். சீக்கிரமே அவர் மகன் யோயாக்கீம் அரியணை ஏறினான். தீர்க்கதரிசி எரேமியாவின் சுருளை அவனுக்கு முன்னால் வாசித்தபோது, வாசித்த பகுதியை எல்லாம் சூரிக்கத்தியால் அறுத்து, குளிருக்கு மூட்டியிருந்த நெருப்பில் போட்டான். தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்தது போல அங்கே ஒருவரும் கிழிக்கவில்லை என்பதை எரேமியா 36:24 குறித்துவைத்திருக்கிறது. கண்டெடுத்த புஸ்தகத்தின்படி நடப்போம் என்று யோசியாவோடு நாடு முழுவதும் உடன்படிக்கை செய்துகொண்டு இருபது வருஷம்கூட ஆகவில்லை! யோசியா உயிரோடிருந்த காலத்திலேயே, யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை என்று எரேமியா சொல்லியிருந்தார் (3:10). மேடையை இடிக்க ராஜாவின் ஆணை போதும். ஆனால் அந்த ஆணையால் ஜனங்களின் மனதுக்குள் போக முடியவில்லை.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. புஸ்தகத்தை வாசித்த சாப்பானின் குடும்பத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். எரேமியாவைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் கையில் அவர் சிக்காமல் காத்தவர் சாப்பானின் மகன் அகீக்காம். எரேமியாவின் எழுத்தர் பாருக் ஜனங்களுக்கு முன்னால் அந்தச் சுருளை வாசித்தது இன்னொரு மகன் கெமரியாவின் அறையில். அதைக் கேட்டு ஓடிப்போய்ப் பிரபுக்களிடம் சொன்னவர் பேரன் மிகாயா. சுருளை எரிக்க வேண்டாம் என்று ராஜாவிடம் கெஞ்சியவர்களில் கெமரியாவும் ஒருவர். அரண்மனையில் அணைந்துபோன சீர்திருத்தம் ஒரு சம்பிரதியின் வீட்டில் மூன்று தலைமுறை உயிரோடிருந்தது. (அந்த வீட்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. எசேக்கியேல் 8-இல் விக்கிரகங்களுக்கு முன் தூபம் காட்டிய மூப்பர்கள் நடுவில் சாப்பானின் மகன் யசனியாவும் நிற்கிறான். அதைப் படிக்கும்போது மனசு கனத்துவிடும்.)

நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். புதிய ஆயர் வந்தால் சபை திருந்திவிடும், நல்லவர்கள் கமிட்டிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் ஒவ்வொரு முறையும் நம்புகிறோம். நல்ல ஆயர் தேவைதான். ஆனால் அவர் மாற்றலாகிப் போன பிறகு வேதத்தை வாசிக்கிற, அநியாயம் நடந்தால் எழுந்து நின்று பேசுகிற நாலு குடும்பங்களாவது இருக்கின்றனவா என்பதே என் கவலை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கும் வீட்டு ஜெபத்துக்கும், கன்வென்ஷன் பந்தலுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது கொடுக்கலாம்.

இன்னொன்றையும் விடக்கூடாது. யோசியாவைப் பற்றி எரேமியா 22 பேசும்போது அவர் ஆசரித்த பஸ்கா பண்டிகையையோ இடித்த மேடைகளையோ சொல்லவில்லை. சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை அவர் விசாரித்தார், என்னை அறிவது என்பது அதுவல்லவா என்று கர்த்தர் கேட்கிறார். அதே அதிகாரத்தில் யோயாக்கீம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கிக் கேதுரு மரத்தில் மாளிகை கட்டுகிறான். யோசியா காலத்து ஆலய வேலையிலோ பணத்தைக் கையாண்டவர்கள் அவ்வளவு உண்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்கே கேட்கவில்லை. நம் சபைகளில் அந்த நம்பிக்கை பல இடங்களில் போய்விட்டது. அது திரும்பும்வரை கணக்கை வரிக்கு வரி சபை முன்னால் வைப்பதுதான் நேர்மை.

ஆகவே உங்கள் சபையில் புதுப்பித்தலைத் தொடங்க விரும்பினால், கோபுரத்துக்கு நிதி திரட்டும் முன் உபதேசியாருக்கும் ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருந்தால் அந்தச் சுவரைப் பற்றியும் அதே கூட்டத்தில் கேளுங்கள்.