கட்டிக்குள் ஊசி போட்டால் கத்தி வேண்டாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. தாடை எலும்பிலும் ஒரு பகுதியை எடுக்க வேண்டுமாம். கட்டிக்குள்ளேயே ‘எதிர்ப்புச் சக்திப் புரதம்’ ஏற்றினால் ஆபரேஷனே தேவையில்லை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஆறு ஊசிக்கு 4 லட்சம் ரூபாய். போடலாமா?

பதில்: வேண்டாம். ஆபரேஷன் நாளையும் தள்ளிப்போடாதீர்கள்.

அவர் சொல்லும் பொருள் பொய்யல்ல. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நம் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளச் சுரக்கும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். அவற்றில் ஒன்றான இண்டர்லூக்கின்-2, சிறுநீரகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் 1992இலேயே அனுமதி பெற்றது. ஆனால் ரத்தத்தில் அதிக அளவில் ஏற்றினால் உடம்பு முழுவதும் கலவரமாகிவிடும்: ரத்த அழுத்தம் சரியும், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். கட்டிக்குள் மட்டும் கொஞ்சம் போட்டால் என்ன என்ற யோசனை அப்படி வந்ததுதான்.

உங்கள் அப்பாவின் நோய்க்கே இதைப் போல ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மல்டிகைன் என்ற சைட்டோகைன் கலவையை, வாய் மற்றும் தலை-கழுத்துப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குக் கட்டியைச் சுற்றியும் கழுத்து நெறிகட்டிகளின் அருகிலும் மூன்று வாரம் போட்டார்கள். ஆய்வில் 928 பேர். 2021இல் முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை. ஒரு பிரிவினருக்குப் பலன் இருந்ததாக நிறுவனம் சொல்கிறது. அதை இன்னும் நிரூபித்தாக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வின் திட்டப்படியே ஊசி ஆபரேஷனுக்கு முன்னால் போடுவது, அதற்குப் பதிலாக அல்ல. கத்தி வேண்டாம் என்று அந்த மருந்தைச் செய்தவர்களே சொல்லவில்லை; உங்கள் ‘தெரிந்தவர்’ சொல்கிறார்.

இனி அவரைப் பற்றி. எந்த மருந்து, யார் தயாரிப்பு, குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஆய்வுக்கூடங்களுக்கென விற்கப்படும் சைட்டோகைன் குப்பிகளில் ‘மனிதர்களுக்கு அல்ல’ என்றே அச்சிட்டிருப்பார்கள். “இது மருத்துவ ஆய்வு” என்று அவர் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் 4 லட்சம் கறக்க மாட்டார்கள். அந்தப் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆங்கிலத்தில்! யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. பயாப்ஸி கட்டைகளையும் (எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகள்) ஸ்கேன் படங்களையும் மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் அப்படிக் கொடுத்துவிட்டு, அசலைத் திரும்ப வாங்க ஆறு வாரம் அலைந்தது. அதற்குள் கட்டி தோலைத் துளைத்துவிட்டது.

“வெளிநாட்டில் போடுகிறார்களே” என்பார். அறுத்தெடுக்க முடியாத மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்கா அனுமதித்த ஊசி ஒன்று உண்டு. சைட்டோகைன் சுரக்கவைக்கும் மரபணுவைச் சுமக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் அது. 436 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்குக் கட்டி நீடித்துச் சுருங்கியது. அதே புரதத்தைத் தோலுக்கடியில் வெறுமனே போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு இருவருக்குத்தான். புரதத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. எப்படி, எங்கே, எந்த நோய்க்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது மெலனோமாவுக்கு, கன்னத்துக்கு அல்ல. மறுபடியும் சொல்கிறேன், கன்னத்துக்கு அல்ல. அவர் ஏதாவது விளம்பரத் தாளைக் காட்டினாலும் அல்ல.

புற்றுநோய் நோயாளிக்கு ஒரு மாதம் கழித்து நாள் குறித்து, நடுவில் பேச ஆள் வைக்காத நம் மருத்துவமனைகள்தான் புரோக்கருக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. அந்த மாதத்தை வீணாக்காதீர்கள். ஆபரேஷன் தேதியை முன்னுக்கு இழுக்க முடியுமா என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். அப்பா புகையிலையை இன்றே நிறுத்தட்டும். பின்னால் கதிர்வீச்சு தேவைப்படலாம். அதற்குமுன் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிட வேண்டும். பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்களா?