கந்தோர் வேலையும் உடல் அசைவும்: வாசகர் கேள்விகளுக்கு இயன்மருத்துவர் பதில்

விடிய எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றில் தண்ணீர் அள்ளி, சமைத்து வைத்துவிட்டுத்தான் பிரதேச செயலகத்துக்கு ஓடுகிறேன். இதற்கு மேலும் உடற்பயிற்சி வேண்டுமா? (பரந்தன் சகோதரி)

உங்கள் வீட்டு வேலையில் மூச்சு வாங்கச் செய்வதெல்லாம் கணக்கில் சேரும், தங்கச்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். ஒரே தடவையில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் கதைக்க முடிய வேண்டும். அதுதான் மிதம்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் மத்தியானம் வரை அசைவதில்லை, இல்லையா? கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலுக்கு இறங்கிய இரத்தம் சுலபமாக மேலே ஏறும். பின்னேரம் செருப்பு இறுக்குவது பலருக்கு இதனால்தான். அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். கோப்புகளை நீங்களே அடுத்த கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், போன் வந்தால் நின்று கதையுங்கள். 1953இல் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தேன். இப்போது கணக்கெழுதும் வேலை. பின்னேரம் எழும்பினால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. நடைப்பயிற்சி எனக்குச் சரிவருமா? (புதுக்குடியிருப்பு)

சரிவரும் தம்பி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வன்னிக் கந்தோர்கள் பலவற்றில் உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

இருந்தே இருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசையும் தொடையின் பின்தசையும் குறுகிவிடும். காலையும் இரவும் பொய்க்காலைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுங்கள். 15, 20 நிமிடம் போதும். முகத்தை நல்ல கால் பக்கம் திருப்பி வையுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துவிடும் அம்மாக்கள் அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த மடங்கல் அப்படியே நின்றுவிடும். வேண்டாம். மேசையிலும் அடிக்கடி முழங்காலை நீட்டி வையுங்கள்.

நடையைச் சமதரையில் 5 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கிரவல் ஒழுங்கை பிறகு பார்க்கலாம். பொய்க்காலில் நடக்க உடலுக்குக் கூடுதல் சக்தி தேவை. எனவே மற்றவர்களின் நிமிடக் கணக்கோடு உங்கள் நடையை ஒப்பிட வேண்டாம். நடந்து முடிந்ததும் கழற்றி, ஒரு சின்னக் கண்ணாடி பிடித்து, வெட்டுப்பட்ட கால் முனையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 20 நிமிடம் கழித்தும் சிவப்பு மறையாவிட்டால் நடையை நிறுத்துங்கள், பொருத்தம் பிழை. பொழுது ஏற ஏற அந்த முனை சுருங்கி, பொய்க்கால் தளரும். அப்போது முனையில் மேலதிகமாக ஒரு காலுறை போட வேண்டும். எங்கள் வெயிலுக்கு மத்தியானம் ஒருதரம் காலுறையை மாற்றி, வியர்வையைத் துடைத்துவிடுங்கள். முனை பொருந்தும் பொய்க்காலின் கிண்ணமே பெரிதாகிப் போனால் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் காட்டுங்கள்.

சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கலாமா? (மாங்குளம்)

கட்டாயம். சோறு சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தால் வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். வெளியில் வெயில் கொளுத்தினால் விறாந்தையிலேயே நடவுங்கள். கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சீனி மிகவும் இறங்கிவிடலாம், அவர்கள் சட்டைப் பையில் இரண்டு டொபி வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிடுங்கள்.

வேலை முடியவே பொழுது பட்டுவிடுகிறது. குளக்கட்டில் நடக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

யானை வரும் கட்டென்றால் இருட்டில் வேண்டாம். வீட்டிலேயே கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி, திரும்பவும் இருங்கள், பத்துத் தரம், மூன்று சுற்று. தொடைக்கு அது நல்ல வேலை.

முதுகில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. குனிந்து நிமிரப் பயமாக இருக்கிறது. (கிளிநொச்சி)

எக்ஸ்ரேயோடு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அக்கா. துண்டு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நான் பயிற்சி சொல்ல மாட்டேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் துண்டு இருப்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலில் விறைப்பு வந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போக வேண்டும்.