உச்ச ஏல விலையை வைத்துப் பங்கு பிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஐயா (தாத்தா) மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்த் திரும்பியவர். பங்கு பிரிப்பதற்காக தேவகோட்டை வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தபோது பழைய நாணயங்கள் கிடைத்தன. ஐந்தாம் ஜார்ஜ் பவுன் ஆறு, விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை நாற்பதுக்கு மேல் ரூபாய்க் காசுகள், சில ஸ்ட்ரெயிட்ஸ் டாலர்கள் (ஆங்கிலேயர் கால சிங்கப்பூர், மலாயா பகுதியின் வெள்ளி நாணயம்). ரூபாய்களில் ஒன்று 1911-ஆம் ஆண்டுடையது. அதே ஆண்டு ரூபாய் ஏலத்தில் ஒரு லட்சத்துக்குப் போனது என்று என் சித்தப்பா மகன் கைப்பேசியில் காட்டுகிறார். அதையே மதிப்பாக வைக்க வேண்டும் என்கிறார். காரைக்குடிக் கடைக்காரர் எல்லாவற்றையும் எடைக்குக் கேட்கிறார். நாங்கள் நான்கு புள்ளிகள், அதாவது பங்குக்கு உரிய நான்கு குடும்பங்கள். எந்த விலை சரி?

பதில்: இரண்டுமே இல்லை. கடைக்காரர் சொல்வது உலோகத்தின் விலை. உங்கள் சித்தப்பா மகன் காட்டுவது, யாரோ இரண்டு பேர் ஒரு நாள் விட்டுக்கொடுக்காமல் மோதியதில் வந்த விலை.

பிள்ளையார் நோன்பன்று ஏலம் விடும் உப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ‘நானா நீயா’ என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுநாள் கடையில் உப்பு விலை ஏறியிருக்காது. நாணய ஏலத்தில் பக்தி இல்லை, போட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது கடைசிவரை வெளியே தெரியாது. அவருக்கு அடுத்தபடியாக நின்றவர் எங்கே நிறுத்தினாரோ, அதற்கு ஒரு படி மேலே விலை நின்றுவிடும். அதாவது விலையைத் தீர்மானிப்பவர் தோற்றுப்போனவர். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் அதே காசு பாதி விலைக்கும் போயிருக்கலாம். இன்னொன்று: ஜெயித்தவருக்குக் காசு கிடைத்துவிட்டது. அடுத்த முறை அவர் கேட்க வரமாட்டார். ஆனால் அந்த விலையைப் பார்த்து, பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த காசுகளை நாலு பேர் வெளியே எடுப்பார்கள். கேட்பவர் குறைந்து வரத்து கூடினால் என்ன ஆகும் என்று வியாபாரக் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய நாணயங்களுக்கும் இதே கதைதான். 1794-ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. 2020-ல் அதே நாணயம் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, உரிமையாளர் வைத்திருந்த குறைந்தபட்ச விலையை யாரும் தொடவில்லை, விற்காமல் திரும்பியது. பிறகு 2022-ல் ஏலத்துக்கு வெளியே, நேரடி விற்பனையில் 1.2 கோடி டாலருக்குப் போனது. காசு மாறவில்லை, எதிரே நின்றவர்கள்தான் மாறினார்கள். விற்காமல் திரும்பிய காசுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சேகரிப்பாளர் வட்டம் சிறியது. ‘யாரும் எடுக்காத காசு’ என்ற பெயர் பரவினால் அடுத்த ஏலத்தில் தயக்கத்துடனேயே கேட்பார்கள். எனவே பேராசையில் குறைந்தபட்ச விலையை உயரத்தில் வைப்பது விற்பவருக்கே பாதகம். தொடக்க விலை தாழ்வாக இருந்தால் பலர் உள்ளே வருவார்கள், போட்டியே விலையை ஏற்றிவிடும்.

செய்தியில் வரும் தொகை முழுவதும் விற்றவர் கைக்கு வந்ததும் இல்லை. 2002-ல் நியூயார்க்கில் 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்க நாணயம் 75.9 லட்சம் டாலருக்கு விற்றதாகப் படிக்கிறோம். ஏலச் சுத்தியல் விழுந்தது 66 லட்சத்தில். மீதி, வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலித்த 15 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு காசு 40,000 ரூபாய்க்குக் கேட்கப்பட்டது, வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம், கமிஷன் மீது ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் கொடுத்தது 49,440. விற்றவர் பெற்றது 35,280. ஒரே விற்பனைக்கு இத்தனை விலை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுத வேண்டியது கடைசித் தொகை மட்டுமே.

இனி உங்கள் பெட்டி. பவுன்கள் எளிது. ஒன்று ஏறக்குறைய 7.99 கிராம், 22 காரட். 1918-ல் பம்பாயில் அச்சிட்டதில் சிறிய ஆங்கில ‘ஐ’ எழுத்து இருக்கும். அதுவும் 13 லட்சத்துக்கு அருகில் அச்சானது, அரிதல்ல. பங்கு பிரிக்கும் நாளின் தங்க விலையே கணக்கு. ரூபாய்களை ஆண்டு பார்த்துப் பிரியுங்கள். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 92 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் நிக்கல், காந்தம் ஒட்டும். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு ஒரே விலை சொன்னால் விட்டுவிடாதீர்கள். 1939 ரூபாய் இருந்தால் தனியே எடுத்து நிபுணரிடம் காட்டுங்கள். மிக அரிது, அதனால் போலிகளும் உண்டு. ஸ்ட்ரெயிட்ஸ் டாலரை 1907-ல் 26.95 கிராமிலிருந்து 20.21 கிராமாகக் குறைத்தார்கள், அதையும் கலக்க வேண்டாம்.

1911 ரூபாய்க்குத் தனிக் கதை இருக்கிறது. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் மக்கள் முகம் சுளித்தார்கள். அச்சடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912-ல் உருவத்தைத் திருத்தினார்கள். ஆகவே எடையைவிட அதிகம் பெறும், சந்தேகமில்லை. ஆனால் உச்ச விலைக்குப் போவது கைபடாத, அச்சடித்த பளபளப்பு மாறாத காசு. தாடியும் கிரீடமும் தேய்ந்த காசு அதன் அருகில் வர முடியாது. உங்களுடையது போலத் தேய்ந்த காசு கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் விற்ற விலைகளைத் திரட்டி, உச்சத்தையும் அடியையும் தள்ளி, நடுவில் நிற்பதை எடுங்கள். விற்காமல் திரும்பியவை எத்தனை என்றும் பாருங்கள். தயவுசெய்து புளியோ விபூதியோ போட்டுத் துலக்காதீர்கள். ஆயா (பாட்டி) வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தர மாட்டார்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ வந்த விலை உங்களுக்குப் பொருந்தாது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்க முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். அந்த வங்கியே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

பாகப்பிரிவினையில் கைக்கு வருவதற்கு வரி இல்லை, விற்றால் உண்டு. ‘பூஜையில் வைத்த காசு, சொந்த உபயோகப் பொருள்’ என்ற வாதத்தை 1976-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முன்னோர் வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் நீண்டகால ஆதாயமாக 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம்; அதற்கு மதிப்பீட்டாளர் சான்று வாங்கி வையுங்கள்.

பவுனையும் சாதாரண ரூபாய்களையும் எடைபோட்டு நான்காகப் பிரித்துவிடுங்கள். 1911 ரூபாய்க்கு மட்டும் உங்களுக்குள் ஏலம் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் விலையை உறையில் எழுதி ஒட்டிக் கொடுக்கட்டும். கூடுதலாக எழுதியவர் காசை எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையில் முக்கால் பங்கை மற்ற மூவருக்கும் சமமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் சித்தப்பா மகன் ஒரு லட்சம் பெறும் என்று உண்மையிலேயே நம்பினால் அதற்குச் சற்றே கீழே எழுதுவார்; உங்களுக்கும் மற்ற இருவருக்கும் ஆளுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு அருகில் ரொக்கமாக வரும். நான்காயிரம் என்று எழுதினால், கைப்பேசியில் பார்த்த விலையை அவரே நம்பவில்லை என்று தெரிந்துகொள்வீர்கள்.