குடியை நிறுத்தியவருக்கு ஏ.ஏ. கூட்டம்: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. கரூர் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்திவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். செல்போனில் தேடினால் மறுவாழ்வு மையங்களின் நம்பர்தான் வருகிறது. கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு கட்டணம்? சர்ச்சில் நடக்கிறதாமே, மதம் மாற்றுவார்களா? அவர் வர மறுத்தால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் விளம்பரங்கள். ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடிப் பேசும் அமைப்பு. அது ஆள் பிடிக்க வண்டி அனுப்பாது, "மாதம் இவ்வளவு" என்று பேரம் பேசாது. யாராவது அப்படிப் பேசினால் அது ஏ.ஏ. இல்லை, போனை வைத்துவிடலாம்.

மும்பையில் ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு விவரம் கிடைக்கும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் கூட்டங்கள் நடக்கின்றன. அதைவிடச் சுலபமான வழி, உங்கள் கணவருக்குச் சிகிச்சை கொடுத்த மனநலப் பிரிவிலேயே கேட்பது. அங்குள்ள சமூகப் பணியாளருக்குப் பக்கத்து ஊர்க் குழுக்காரர்களைப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இரண்டாவதில் தமிழிலேயே பேசலாம்.

ஏ.ஏ. குழுவின் எண் கிடைத்ததும் நீங்கள் பேசாதீர்கள், அவரைப் பேச வையுங்கள். நான் இதில் கறாராக இருக்கிறேன். மனைவி விசாரித்து, மனைவி நாள் குறித்து, மனைவி இழுத்துக்கொண்டு போகும் கூட்டத்தில் மனிதர் கைகட்டி உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார். அவரே போன் செய்தால் எதிர்முனையில் பேசுபவரும் ஒரு காலத்தில் குடித்து நிறுத்தியவராகத்தான் இருப்பார். "நாளைக்கு வாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர்றேன்" என்று அவர் சொல்வதும் உண்டு. எங்களைப் போன்ற மருத்துவர்கள் ஒரு மணி நேரம் பேசியும் நடக்காதது சில சமயம் அந்தப் போனில் நடந்துவிடுகிறது.

தமிழில் நடக்கும் கூட்டமா, என்றைக்கு, எத்தனை மணிக்கு, இடத்துக்கு அடையாளம் என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளட்டும். வாசலில் பெரிய போர்டெல்லாம் இருக்காது. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். திறந்த கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போகலாம். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

கட்டணம் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்ட உறுப்பினர்கள் போடுவதில்தான் வாடகையும் டீச்செலவும். குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே தகுதி. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய நாளிலிருந்து மருத்துவர் நடத்தும் சிகிச்சையாக இது இருந்ததில்லை. குடித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் முழு வேலையும். முதல் நாள் வாயே திறக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஊர், தொழில், முழுப்பெயர் யாரும் கேட்க மாட்டார்கள்.

சர்ச் விஷயம்: வாடகை குறைவு என்பதால் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ கூடுவார்கள், அவ்வளவுதான். கடவுள் பற்றிய பேச்சு வரும். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பதுதான் கணக்கு. நாத்திகர்களும் வருகிறார்கள்.

பலன் உண்டா என்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, ஏ.ஏ.வுக்கு முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்பது அதன் முடிவு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கூட்டத்தில் யாராவது நிறுத்தச் சொன்னால் அது அவர் சொந்த அபிப்பிராயம், ஏ.ஏ.வின் கொள்கை அல்ல. கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். அதில் டைசல்ஃபிரம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து) இருந்து, அவர் மேலே குடித்தும் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இடையில் சறுக்கி, சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கவனம் தேவை. கை நடுக்கமும் வியர்வையும் முதல் நாளிலேயே தெரியும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3-ஆம் நாளில் ஆள் தெரியாமல் உளறினால் கூட்டத்துக்கு அல்ல, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அவர் வர மறுத்தால்? நீங்கள் மட்டும் திறந்த கூட்டத்துக்குப் போய் உட்காரலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீனும் உள்ளன. அவர் குடித்தாலும் நிறுத்தினாலும் நீங்கள் போகலாம். அவரைத் திருத்தும் உபாயம் அங்கே கிடைக்காது. பாட்டிலை ஒளிப்பது, பட்டறைக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, இவற்றை எப்படி விடுவது என்பதைத்தான் பேசுவார்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன. பட்டறை முடிந்து வந்தபின் செல்போனில் கலந்துகொள்ளலாம், வீடியோவை அணைத்து வைத்தாலும் தடையில்லை. குடியை நிறுத்த விரும்பும் இரண்டு பேர் அதற்காகக் கூடினாலே அதை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம். கரூரிலேயே இன்னொருவர் கிடைத்தால், குழு தொடங்குவதற்கான நூல்களும் வழிகாட்டலும் மும்பை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும்.