கூண்டு இருந்தும் கோழிகள் சாவது ஏன்?

கடலூரில் கடலோரமாக உள்ள உங்கள் வீட்டுக் கொல்லையில், கூண்டு இருந்தும் நாட்டுக்கோழிகள் இரவில் கடிபட்டுச் சாவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கோழி வலை என்று கடைகளில் விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாயும் மரநாயும் உள்ளே வருவதைத் தடுக்காது. நாய் அதைப் பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷே (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை) ஏற்றது. உப்புக்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்கி, கம்பிகளைப் பற்றவைத்த இடங்களை அவ்வப்போது சோதியுங்கள்.

உங்கள் பகுதி மணற்பாங்கானது. தோண்டுவது விலங்குக்கு எளிது. தோண்டும் விலங்கு பெரும்பாலும் கூண்டின் ஓரத்தை ஒட்டியே தோண்டும் என்பதால், வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மேலும் ஓரடி மடக்கிப் பரப்பினால், அது எங்கே தோண்டினாலும் கம்பியில்தான் முட்டும். இந்த வேலையைத்தான் பலரும் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள்.

மேற்கூரையும் வேண்டும், 2011இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலைக் கண்டவர்களுக்குத் தகரத்தை இறுக்கிக் கட்டச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாயும்போதே அடைத்து, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். கோழியைப் பிடிக்கக் கீரி வந்தாலும் அதற்குப் பொறியோ விஷமோ வைக்காதீர்கள். அது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு.