கண்ணன் முதுகில் பச்சைப் பொடி

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மாமியார் வழியில் வந்த பஞ்சலோகத் தவழும் கண்ணன், உள்ளங்கை அளவு. நாலு வருடம் லாஃப்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முதுகிலும் பீடத்தின் அடியிலும் வெளிர்பச்சைப் பொடி. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று வந்ததாம். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் பொடி. "புளியைவிடக் காட்டமாக ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். புளியையும் நிறுத்துங்கள்.

நான் மும்பையில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய பொருள்களைப் பேணும் வேலையில் இருக்கிறேன். 'பாதுகாப்பாளர்' என்றால் மாட்டுங்கா உறவினர்கள் செக்யூரிட்டி என்று நினைத்துக்கொள்வதால் கன்சர்வேட்டர் என்றே சொல்லிவிடுவது. வெண்கலங்களோடு ஒவ்வொரு மழைக்காலமும் நாங்கள் போராடுவது இந்தப் பொடியோடுதான்.

செம்பில் ஏறும் பச்சையெல்லாம் ஒன்றல்ல. வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வயதின் தோல். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே காப்பு, தொடாதீர்கள். விளக்கின் இடுக்குகளில் மெழுகு போலப் பிசுபிசுக்கும் பச்சை, பழைய எண்ணெய் செம்போடு சேர்ந்து உண்டானது. பெரிய ஆபத்தில்லை. மூன்றாவதுதான் உங்களுடையது: பிஸ்தா நிறம், பல் குத்தும் குச்சியால் தொட்டாலே உதிரும், உதிர்ந்த இடத்தில் சின்னக் குழி. எங்கள் பட்டறையில் இதற்குப் பெயர் வெண்கல நோய். தொற்று நோயெல்லாம் இல்லை, பக்கத்தில் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கு ஒட்டாது.

காரணம் உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்து, மேற்பரப்புக்கு அடியில் செப்பு குளோரைடாகப் பதுங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாகப் பூத்து வெளியே வரும். கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பை அரித்து மறுபடியும் செப்பு குளோரைடு ஆக்கும். அப்புறம் அதே கதை முதலிலிருந்து. நீங்கள் தேய்த்தபோது போனது வெளியே பூத்த பொடி மட்டும். விதை உள்ளேயே இருக்கிறது. அதற்கு நீங்களே தண்ணீரும் ஊற்றி, கூடுதல் உப்பும் போட்டிருக்கிறீர்கள். ஆணவத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்ன சைவர்கள் விளக்குத் துலக்கிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் நானும் இதே அவசரத்தைச் செய்தேன். ஒரு சிறிய அம்மன் சிலையைச் சுத்தம் செய்து, முழுக்கக் காயும் முன்பே மேலே அரக்குப் பூச்சுக் கொடுத்துவிட்டேன். ஜூலையில் அந்தப் பூச்சுக்கு அடியிலேயே கடுகு கடுகாகப் பச்சைப் புள்ளிகள். பூச்சு மொத்தத்தையும் கரைத்து எடுத்து, பூதக்கண்ணாடி வழியே குழி குழியாகச் சுரண்ட ஐந்து வாரமானது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் நாலு பக்கமும், அடியிலும் போட்டோ எடுங்கள். உதிர்கிற பொடியை மட்டும், காய்ந்த மென்மையான பிரஷ்ஷால், காகிதத்தின் மேல் தட்டுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கையுறையும் போடுங்கள். தண்ணீர், எலுமிச்சை, விபூதி, துலக்கும் பொடி எதுவும் படக் கூடாது. பிறகு காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகை சிலிகா ஜெல்லோடு வையுங்கள். பத்து லிட்டர் டப்பாவுக்கு அரை கிலோ தாராளம். சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், பை சிலையின் மேல் படக் கூடாது. சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள். ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த நோய் ஏறக்குறைய அடங்கிவிடும், 35-க்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மும்பை ஜூலையில் வெளியே 80-க்கு மேல் இருக்கும் என்பதால் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும்.

பூஜை? பூவும் தீபாராதனையும் தாராளமாக நடக்கட்டும், நாள் முடிந்ததும் கண்ணன் டப்பாவுக்குத் திரும்பிவிட வேண்டும். அபிஷேகம் மட்டும் கூடாது. பாலும் பஞ்சாமிர்தமும் இடுக்கில் தங்கினால் ஈரமும் தங்கும். ஓவியமாகவும் சுதையாகவும் இருக்கும் மூர்த்திகளுக்குக் கோயில்களில் கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்யும் வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யுங்கள். மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதையும் விசாரித்துவிடுங்கள்.

டப்பாவில் கண்ணனுக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் காகிதம் வெள்ளையாகவே இருந்தால் வேறு வைத்தியம் வேண்டாம். புதிதாகப் பச்சை விழுந்திருந்தால் அரிப்பைக் கட்டுப்படுத்த பென்சோட்ரையசோல் என்ற ரசாயனம் தேவைப்படும். அது வீட்டில் கையாளும் சரக்கல்ல, ஒரு கன்சர்வேட்டரிடம்தான் போக வேண்டும். காலா கோடாவில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். போகும்போது விழுந்த பொடியைக் கொட்டிவிடாமல், அந்தக் காகிதத்தையே மடித்து எடுத்துப் போங்கள்.